சாவிக்கடைக்கு ஒரு மின்னஞ்சல் பட்டியல்

என் அக்கா சாவி போடுகிறவள். வணிக வளாகத்தின் படிக்கட்டுக்கு அடியில் எங்களுக்கு ஒரு கடை. வலது பாதி அவளுடையது, இடது பாதி என்னுடையது. என் பாதியில் ஜெராக்ஸ் மிஷின் முனகும், அவள் பாதியில் சாவி வெட்டும் மிஷின் அலறும். நடுவில் தடுப்பு கிடையாது. நான் நகல் எடுத்துக் கொடுக்கிற காகிதத்தைத் தடவிப் பார்த்தால் விரலில் பித்தளைத் தூள் ஒட்டும். இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. தங்கம் என்று நினைத்துக்கொள்கிறார்களோ என்னவோ.

கடைக்கு வருகிறவர்களிடம் அக்கா கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "ஒண்ணா, ரெண்டா?" எத்தனை சாவி வேண்டும் என்று அர்த்தம். பேர் கேட்க மாட்டாள். வீடு எங்கே என்று கேட்க மாட்டாள். யாராவது தாமாகவே விலாசம் சொல்ல ஆரம்பித்தால் மிஷினைப் போட்டுவிடுவாள். சாவியும் விலாசமும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது என்பது அவளுடைய தொழில் சுத்தம். அதற்காக யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் வெட்டிக் கொடுப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். அசல் சாவி கையில் இருக்க வேண்டும். சோப்பில் அச்செடுத்துக்கொண்டு வருகிறவனை அந்தச் சோப்பாலேயே கையைக் கழுவிக்கொண்டு போகச் சொல்வாள். போனில் சாவியின் படத்தைக் காட்டுகிறவனிடம் என் பக்கம் கையை நீட்டி, "படத்துக்கு நகல் அங்கே எடுப்பாங்க" என்பாள்.

இப்படியே எங்கள் பிழைப்பு ஓடியது. வியாபாரம் வளரவும் இல்லை, தேயவும் இல்லை. ஜனங்கள் சாவியைத் தொலைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை.

சிறுதொழில் மலர்ச்சி வாரியத்துக்கு மட்டும் இது பொறுக்கவில்லை.

வளாகம் வாரியத்துக்குச் சொந்தம். ஆண்டுதோறும் ஒப்பந்தம் நீண்டால்தான் நாங்கள் ஷட்டரைத் தூக்க முடியும். இந்த ஆண்டு ஒரு புது நிபந்தனை வந்தது. ஒவ்வொரு கடையும் தன் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டி ஒரு பட்டியல் உண்டாக்க வேண்டும். அதை வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். அவர்களுக்கு வாராவாரம் மெயில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் கடை மலரும். மலராத கடையின் ஒப்பந்தம் ரத்து.

மலர்வது எப்படி என்று சொல்லித்தர வாரியக் கட்டிடத்தின் மேல்மாடி அரங்கில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வளாகத்தின் கடைக்காரர்கள் அத்தனை பேரும் கடையைப் பூட்டிவிட்டு, அதாவது வியாபாரத்தை வளர்ப்பதற்காக வியாபாரத்தை நிறுத்திவிட்டு, போய் உட்கார்ந்தோம். முதலில் வாரியத் தலைவர் பேசினார். நல்ல உயரம். நல்ல கோட்டு. எங்களைப் பார்க்கும்போது நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர் மாதிரி ஒரு கனிவு.

"ஒரு காலத்துல வாடிக்கையாளர் தேவைப்பட்டா கடைக்கு வந்தார். தேவை முடிஞ்சா வீட்டுக்குப் போனார். அதோட சரி. இப்படியே விட்டா என்ன ஆகும்? அவர் பாட்டுக்கு நிம்மதியா இருந்துடுவார். நிம்மதியா இருக்கிற மனுஷனை வச்சுக்கிட்டு எந்த வியாபாரமாவது வளர்ந்திருக்கா?"

அதிகாரிகள் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். ஒப்பந்தம் அவர்கள் கையில் இருக்கும்போது நம் கை சும்மா இருக்க முடியாது.

அடுத்துத் தொடர்பு அலுவலர் எழுந்தார். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாரியத்தின் மெயில்களை எல்லாம் அனுப்புகிறவர் இவர்தான். கடைக்காரரின் பேரைத் தானாகப் போட்டுக்கொள்ளும் ஒரு மென்பொருளை வாரியம் வாங்கியிருந்தது. அது பேர் வரவேண்டிய இடத்தில் பேரைப் போடாமல், அந்தக் கட்டத்தின் தலைப்பை அப்படியே போட்டுவிடும். அதனால் எங்கள் எல்லோருக்கும் "அன்புள்ள முதல்பெயர் அவர்களே" என்றுதான் மெயில் வரும். அதில் இருக்கும் பிரியம் குறையாதபடிக்கு நாங்களும் அவருக்கு முதல்பெயர் சார் என்றே பேர் வைத்துவிட்டோம். அவர் முகத்துக்கு நேராக யாரும் கூப்பிடுவதில்லை. மோசமான மனிதர் இல்லை. வீட்டில் யாரோ திட்டி அனுப்பியது போல் ஒரு முகம், அவ்வளவுதான்.

முதல்பெயர் சார் திரையில் படம் போட்டு விளக்கினார். தலைப்பைப் படித்ததும் நெஞ்சு படபடக்க வேண்டும். "கடைசி வாய்ப்பு", "நீங்கள் மட்டும்தான் பாக்கி", "உங்களைப் பற்றி ஒரு விஷயம்" இவையெல்லாம் நல்ல தலைப்புகள். குழாய் அடைப்பு எடுக்கிறவருக்கு அவர் ஒரு மெயிலை அங்கேயே எழுதிக் கொடுத்தார். "உங்கள் அடைப்பு நலமா? உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறோம்." பல்செட் கடைக்காரருக்கு, "நீங்கள் கடைசியாகச் சிரித்தது எப்போது? எங்களுக்குத் தெரியும்." அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா எழுந்து நின்றாள். "சார், சாவி தொலைஞ்சாத்தான் எங்கிட்ட வருவாங்க. தொலையலைன்னா நான் என்ன மெயில் போடறது? தொலைச்சுக்கிட்டு வாங்கன்னா?"

"அதேதான்மா" என்றார் முதல்பெயர் சார் மகிழ்ச்சியோடு. "அதுக்குப் பேர் தேவை உருவாக்கம்."

அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். அவளுக்கு விளங்கியதா என்று அவர் கேட்கவில்லை. விளங்குவது பாடத்திட்டத்தில் இல்லை.

கடைசியாக இரண்டு விதிகள் சொன்னார்கள். ஒன்று, வாரியம் காகிதத்தை ஒழித்துவிட்டது. இனி ஆணை, அறிவிப்பு, ஒப்பந்தம், ரத்து எதுவானாலும் மெயிலில் வந்தால்தான் செல்லும். ஜெராக்ஸ் கடைக்காரனான எனக்கு இது வயிற்றில் அடி. அதையும் கை தட்டித்தான் வாங்கிக்கொண்டேன். மற்றது, ஒவ்வொரு மெயிலின் அடியிலும் "விலக இங்கே அழுத்தவும்" என்று ஒரு வரி இருந்தாக வேண்டும். இது வாரியத்தின் விதி இல்லை, சட்டம். விலகிய ஆளுக்கு அதன் பிறகு ஒரு வரி அனுப்பினாலும் அனுப்பியவருக்கு அபராதம்.

"ஆனா பயப்படாதீங்க" என்றார் முதல்பெயர் சார். "வெள்ளைத் தாள்ல வெளிறின சாம்பல் எழுத்துல, எறும்பு அளவுக்கு வச்சிட்டா யாரும் பார்க்க மாட்டாங்க. சட்டத்தை மதிக்கிறதுல இது ஒரு கலை."

பட்டியலுக்கு ஆள் வேண்டுமே. அக்கா தன் கொள்கையை விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆகவே வீட்டு ஆட்களின் முகவரிகளை நானே போட்டு அனுப்பினேன். என்னுடையது, மாமாவுடையது, மாமாவின் அண்ணனுடையது. மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். நான் சாப்பிடுவது அவர்கள் வீட்டில்தான். அதனால் நடந்ததற்கெல்லாம் நானே சாட்சி.

முதல் மெயில் வந்த அன்று மாமா சாப்பிட உட்காராமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாரியத்தின் மென்பொருள் அக்கா பேரில் தானாக அனுப்பியது அது. "ரொம்ப நாளாக உங்களைக் காணவில்லையே? திரும்பி வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி."

"வீட்டுலயே இருக்கிறவனுக்கு எதுல தள்ளுபடி?" என்று கேட்டார்.

"சாப்பாடு ஆறுது, உட்காருங்க" என்றாள் அக்கா.

அடுத்த வாரம், "எங்களை மறந்துவிட்டீர்களா? வேறு யாரிடமாவது போகிறீர்களா?" மாமா அன்று யோசனையோடு சாப்பிட்டார். லிஃப்ட் வேலைக்குப் போகும் கட்டிடங்களில் யார் யாரிடம் என்ன பேசினோம் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது மெயில்தான் அவரை உலுக்கிவிட்டது. "இது கடைசித் தகவல். உங்களிடமிருந்து பதில் இல்லாததால் உங்களை நீக்க முடிவு செய்துள்ளோம். நாம் கழித்த நல்ல நாட்களுக்கு நன்றி."

"ஏம்மா, நேர்ல சொல்லியிருக்கலாமே" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் நீங்கிப்போனேன்.

வாரியமும் எங்கள் பட்டியலைப் பார்த்துத் திருப்தி அடையவில்லை. மூன்று பேரில் இருவர் பதில் போடவில்லை, ஒருவர் அழுதிருக்கிறார். வளர்ச்சி மந்தம் என்று குறித்துக்கொண்டார்கள். எங்களைத் தூக்கி நிறுத்துவதற்காக முதல்பெயர் சாரையே கடையில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஒரு முக்காலி, ஒரு டேப்லெட், "சொல்லுங்கள், மலருங்கள்" என்று எழுதிய ஒரு பதாகை. பதாகை என் ஜெராக்ஸ் மிஷினை முழுசாக மறைத்துவிட்டது.

சாவி கொடுக்க யார் வந்தாலும் அவர் முந்திக்கொள்வார். பேர் என்ன, மெயில் என்ன, வீட்டில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வீடு பூட்டியிருக்கும், அந்த நேரம் பார்த்து மெயில் அனுப்பலாமா. சாவியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்லி ஒரு படம். "இந்த வார வாடிக்கையாளர்" என்று போட்டு, விலாசத்தோடு ஊருக்கெல்லாம் அனுப்புவார்களாம்.

அக்கா பொறுமையாகத்தான் சொன்னாள். "சார், சாவி படம், வீட்டு விலாசம், வீட்டுல ஆள் இல்லாத நேரம். இதை மூணையும் சேர்த்து ஊருக்கு அனுப்பினா என்ன ஆகும்?"

"ஈடுபாடு கூடும்" என்றார் அவர்.

வந்தவர்கள் நழுவ ஆரம்பித்தார்கள். "சாவியை வண்டியில விட்டுட்டேன், எடுத்துட்டு வரேன்" என்று போனவர்கள் வண்டியோடு போய்விட்டார்கள். ஜெராக்ஸுக்கு வந்தவர்களும் பதாகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அக்கா குனிந்து வேலையைப் பார்த்தாள். கடை போய்விட்டால் வேறு கடை பிடிக்க எங்களுக்கு வக்கில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், முக்காலியில் இருந்தவருக்கும் தெரியும்.

அப்படி ஒரு மத்தியான வேளையில்தான் அந்தப் பெண் வந்தாள். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கையை மூடியபடியே நீட்டி, அக்காவின் மேஜைமேல் விரித்தாள். ஒரு சாவி. உள்ளங்கையில் அதன் அச்சு பதிந்திருந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணா, ரெண்டா?" என்றாள் அக்கா.

"ஒண்ணு. சீக்கிரம் கிடைக்குமா அக்கா? எங்க வீட்டுச் சாவிதான். அவர் தூங்கறாரு, எழுந்திரிக்கிறதுக்குள்ள ஆணியில மாட்டிடணும். வேலைக்குப் போறப்போ எங்களை உள்ளே வச்சுப் பூட்டிட்டுப் போயிடறாரு."

அக்கா மேலே எதுவும் கேட்கவில்லை. பல் வெட்டாத சாவி ஒன்றை எடுத்து மிஷினில் மாட்டினாள். மிஷின் ஓட ஆரம்பித்தது. அதற்குள் முதல்பெயர் சார் முக்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார்.

"வணக்கம்மா. உங்க பேரு? மெயில் இல்லைன்னா வீட்டுக்காரரோட மெயில் கொடுங்க, பரவாயில்லை. சாவி ரெடியானதும் அவருக்கே ஒரு நன்றி மெயில் போயிடும். கொஞ்சம் இப்படித் திரும்பிச் சிரிங்க."

அவள் அவரைப் பார்த்தாள். டேப்லெட்டைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். "இங்கே பேர் கேட்க மாட்டாங்கன்னு சொன்னாங்களே" என்றாள். அதில் கோபம் இல்லை. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவள் குரல் அது. அக்கா பதில் சொல்வதற்குள் மேஜைமேல் கையை நீட்டினாள். அக்கா மிஷினை நிறுத்தி அசல் சாவியைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. வாங்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கமாகப் போனவள்தான்.

மிஷினில் பாதி வெட்டிய சாவி நின்றுகொண்டிருந்தது.

"விவரம் கொடுக்காம போயிட்டாங்க" என்று டேப்லெட்டில் குறித்துக்கொண்டார் முதல்பெயர் சார். "இவங்களைக் கைவிடப்பட்ட வாடிக்கையாளர்னு ஒரு தலைப்புல போடுவோம்."

அக்கா அவருடைய முக்காலியைத் தூக்கினாள். அவர் அதிலிருந்து எழுந்திருக்க நேரம் கொடுத்தாள், அந்த மரியாதையை விடவில்லை. கொண்டுபோய் வெளியே நடைபாதையில் வைத்தாள். பதாகையை மடக்கி அதன்மேல் வைத்தாள். பிறகு உள்ளே வந்து, பாதி வெட்டிய சாவியைக் கழற்றித் துடைத்து, மிஷினுக்கு மேலே இருந்த ஆணியில் தொங்கவிட்டாள். எனக்குத் தெரிந்து என் அக்கா அழுகிறவள் இல்லை. அன்றும் அழவில்லை. எனக்கு அந்த வாரியத்தையே செங்கல் செங்கலாகப் பிரித்துப் போடலாம் போல் இருந்தது.

விசாரணைக்கு மெயில் வந்தது. "அன்புள்ள முதல்பெயர் அவர்களே, உங்களுக்காகவே ஒரு சிறப்பு அழைப்பு! தவறவிடாதீர்கள்!" கீழே, ஒழுங்கு நடவடிக்கை என்று இருந்தது.

அந்த அறையில் மேஜை நீளமாக இருந்தது. அந்தக் கடைசியில் தலைவர், இந்தக் கடைசியில் நாங்கள். நடுவில் திறக்காத தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக. ஏசி குளிர் போதாதென்று ஒரு மின்விசிறி வேறு. முதல்பெயர் சார் ஓரமாக நின்றார், தன் முக்காலியை அணைத்தபடி.

"வாரியம் வாடிக்கையாளரை எவ்வளவு மதிக்குதுன்னு உங்களுக்குத் தெரியலை" என்று ஆரம்பித்தார் தலைவர். "மதிக்கிறதனாலதான் அவர் எங்கே இருக்கார், எப்போ தூங்கறார், எந்த மெயிலை எத்தனை தடவை பார்க்கறார்னு எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கோம். மதிக்காத ஆளைப் பத்தி யாராவது இவ்வளவு விசாரிப்பாங்களா? நீங்க சொல்லுங்க. இத்தனை வருஷமா கடை நடத்தறீங்க. உங்க வாடிக்கையாளர்ல ஒருத்தர் பேராவது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"இது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லையா?"

"இல்லீங்க" என்றாள் அக்கா. "தெரியாம இருக்கிறதுக்குத்தான் எனக்குக் காசு கொடுக்கறாங்க. சாவியை யார் வேணாலும் வெட்டலாம். வெட்டினதை மறந்துடறதுதான் என் வேலை."

தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் எதையோ எழுதிக்கொண்டார். "ஆனா வளர்ச்சி? வளர்ச்சின்னா என்ன? பட்டியல் வளர்றதுதானே?"

"வியாபாரம் வளர்றதுன்னு நினைச்சேன்."

"அது பக்க விளைவு" என்றார் தலைவர். "சில இடத்துல வரும், சில இடத்துல வராது. நாங்க அதைக் கணக்குல எடுக்கிறதில்லை."

மாத முடிவுக்குள் முழுப் பட்டியல் வராவிட்டால் கடை ரத்து என்று தீர்ப்பானது. அதற்கான மெயில் முறைப்படி வரும் என்றார்கள். ஒப்பந்தம் முடிகிற தேதிக்குள் ரத்து மெயில் வந்து சேரவில்லை என்றால் ஒப்பந்தம் தானாக நீண்டுவிடும் என்பதையும் விதிப்படி வாசித்தார்கள். வாசித்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே வாசித்தார். அப்படி ஒன்று நடந்ததே இல்லையாம்.

திரும்பி வரும் வழியில் நான் புலம்பிக்கொண்டே வந்தேன். இன்னும் நாலு சொந்தக்காரர்களைச் சேர்த்தால் என்ன, பொய்ப் பேர் போட்டால் என்ன என்று கேட்டேன். அக்கா முன்னால் நடந்தாள். கடைக்கு வந்து விளக்கைப் போட்டதும், "உன் கம்ப்யூட்டர்ல கடைக்கு வந்த வாரியத்து மெயிலைத் திற" என்றாள்.

"எதுக்குக்கா?"

"கீழே எறும்பு அளவுக்கு ஒண்ணு இருக்கும்னு சொன்னாரே. அதைக் காட்டு."

தேடினேன். வெள்ளையில் வெளிறின சாம்பல். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்துதான் கண்டுபிடித்தேன். அழுத்தினேன். உடனே திரை முழுக்க ஒரு வாடிய பூவின் படம் வந்தது. "எங்களை விட்டுப் போகிறீர்களா? ஏன்?" என்று கேட்டு, பதில்களையும் அவர்களே கொடுத்திருந்தார்கள். "தவறுதலாக அழுத்திவிட்டேன்." "மலர்ச்சி தாங்க முடியவில்லை." "வேறு காரணம்."

"வேறு காரணம் போடு" என்றாள் அக்கா. "எனக்கு வேலை இருக்குன்னு எழுது."

எழுதினேன். பூ உதிர்ந்தது. அதோடு சரி.

மாத முடிவு வந்தது. மெயில் வரவில்லை. ஒப்பந்தம் முடிகிற தேதி வந்தது. அன்று முழுக்க நான் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். மெயில் வரவில்லை. மறுநாள் காலையில் முதல்பெயர் சார்தான் வந்தார், நடந்து, முக்காலி இல்லாமல். கடைக்கு வெளியிலேயே நின்றார்.

"அம்மா, ஒரு சின்ன சிக்கல். நீங்க விலகிட்டீங்க."

"ஆமா."

"விலகினவங்களுக்கு எங்களால மெயில் அனுப்ப முடியாது. அனுப்பினா அபராதம். காகிதத்துல கொடுக்கலாம்னா காகிதத்தை நாங்களே ஒழிச்சுட்டோம். வாயால சொன்னா செல்லாது. அதனால உங்க கடையை ரத்து பண்ணின விஷயத்தை உங்களுக்குத் தெரிவிக்க வழியில்லாம போச்சு. இப்போ நான் சொல்றதையும் நீங்க, நான் சொன்னதா எடுத்துக்கக் கூடாது."

"எடுத்துக்கலை" என்றாள் அக்கா.

"ஒரே ஒரு தடவை மறுபடியும் சேர்ந்துட்டீங்கன்னா, உடனே ரத்து பண்ணிடலாம்."

"சேரலைன்னா?"

அவர் தரையைப் பார்த்தார். "சேரலைன்னா, ஒப்பந்தம் நீண்டுடுச்சுன்னு அர்த்தம்."

அக்கா அரத்தை எடுத்து ஒரு சாவியின் ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். "சார், கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது."

வாரியம் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுமா? விலகிய ஆளைத் திரும்ப வென்றெடுப்பதற்கு என்று அவர்களிடம் ஒரு மெயில் வரிசை உண்டு. அனுப்ப முடியாது என்பதால், அதை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரும்படி முதல்பெயர் சாருக்கு உத்தரவாகியிருந்தது. ஒரு நாள் வந்து, "அன்புள்ள முதல்பெயர் அவர்களே, உங்களை இழந்து வாடுகிறோம்" என்று மனப்பாடமாக ஒப்பித்தார். இன்னொரு நாள், "நாங்கள் என்ன தவறு செய்தோம்?" என்று கேட்டுவிட்டு நின்றார். அக்கா அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "கேள்வி மட்டும்தான்மா. பதில் வாங்கிக்கச் சொல்லலை."

இந்தக் காட்சியை மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குழாய் அடைப்புக்காரர் என்னிடம் இறங்கி வந்தார். "எறும்பு எங்கே இருக்குன்னு எனக்கும் காட்டு தம்பி" என்றார். அவருக்குப் பின்னால் பல்செட் கடைக்காரர். அவருக்குப் பின்னால் வளாகமே. அந்த வாரம் முழுக்க என் கம்ப்யூட்டரில் பூக்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. காரணம் என்ன போடுவது என்று கேட்டவர்களிடம் அக்கா பார்க்காமலேயே சொன்னாள், "வேலை இருக்குன்னு போடுங்க." பட்டியலில் இருந்த வாடிக்கையாளர்களுக்கும் கடைக்காரர்களே எறும்பைக் காட்டிக் கொடுத்தார்கள். மாமா வீட்டிலிருந்தே விலகினார். விலகிவிட்டு, "உன்கிட்டயிருந்து இல்லை, வாரியத்துக்கிட்டயிருந்து" என்று அக்காவிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டார்.

கடைசியில் வாரியத்தின் பட்டியலில் தலைவர் ஒருவர்தான் மிஞ்சினார். அந்த வார மெயில் அவருக்கு மட்டும் போனது. அவர் அதைத் திறந்து படித்தார். பெற்றவர்களில் நூறு சதவீதம் பேர் படித்த மெயில், வாரியத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல். தலைவர் விழா எடுத்தார். முதல்பெயர் சாருக்குக் கேடயம் கொடுத்தார். "இந்த உயரத்தைத் தொட முடியாதுன்னு சொன்னாங்க" என்று அவர் பேசியதாகக் கேள்வி. நாங்கள் யாரும் போகவில்லை. அழைப்பு மெயிலில்தான் அனுப்பியிருந்தார்கள்.

கடை தப்பியது. ஆனால் அக்கா சந்தோஷமாக இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். வேலைக்கு நடுவில் அடிக்கடி படிக்கட்டுப் பக்கம் பார்ப்பாள். ஆணியில் தொங்கும் பாதிச் சாவியை யாரையும் தொட விடமாட்டாள். யார் என்று தெரியாது, எங்கே என்று தெரியாது, தேடிப் போக வழியும் கிடையாது. அவளே வைத்துக்கொண்ட சட்டம் அது. ஒருமுறை நான், "அன்னிக்கு அந்த விலாசத்தையாவது வாங்கி வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

"வாங்கியிருந்தா டேப்லெட்லதான்டா இருந்திருக்கும்" என்றாள் அக்கா.

ஒரு நாள் மத்தியானம் அந்தப் பெண் வந்தாள். நேராக வரவில்லை. படிக்கட்டில் பாதியில் நின்று, கடைக்குள் எட்டிப் பார்த்தாள். முக்காலி இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே என் காகிதக் கட்டு இருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் ஜெராக்ஸ் மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பிறகுதான் இறங்கி வந்து கையை விரித்தாள். அதே சாவி.

அக்காவின் முகத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் திரும்பிக்கொண்டேன். குரல் மட்டும் கேட்டது, எப்போதும் போல.

"ஒண்ணா, ரெண்டா?"

"மூணு" என்றாள் அந்தப் பெண். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

அக்கா ஆணியிலிருந்து பாதிச் சாவியை எடுத்து மிஷினில் மாட்டினாள். அந்தப் பெண் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஏதோ சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். "என் பேரு" என்று ஆரம்பித்தாள்.

அக்கா மிஷினைப் போட்டாள். அவள் பேரைச் சொன்னாளோ என்னவோ, அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அக்காவுக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கேட்டிருக்காது.